முதல் வாக்குக்குப் பின்னால்

வாக்குப் போடுறது அவ்வளவு பெரிய விசயமா எண்டு நம்மில் கனபேர் கேட்போம். யெகோவாவின் சாட்சிகளாக வளர்ந்து, பிறகு அந்தச் சபையை விட்டு வெளியேறியவர்களுக்கு அது பெரிய விசயம்தான். இயேசுவின் சீடர்கள் இந்த உலகத்துக்கு உரியவர்களல்லர் என்பது அவர்கள் பிடிக்கும் வசனம். எந்தக் கட்சியோடும் ஒட்டு உறவு இல்லை, வாக்களிப்பதும் இல்லை.

இதைச் சோம்பல் எண்டு நாம் தள்ளிவிட ஏலாது. 1936 மார்ச் 29இல் ஜேர்மனியில் தேர்தல். சீட்டில் நாசிக் கட்சியின் பட்டியல் மட்டும். 'இல்லை' என்று குறிக்க இடமே கிடையாது. (இதைத் தேர்தல் எண்டு சொல்லலாமோ!) 98 வீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். போக மறுத்த சாட்சிகள் அடிவாங்கினார்கள், வேலை இழந்தார்கள். பின்னர் வதைமுகாம்களில் அவர்களுக்கென்று ஊதா முக்கோணம் இருந்தது.

அந்தச் சபையில் வளரும் பிள்ளைக்கு வாக்களிக்காமை தியாகிகள் விட்டுப்போன சொத்து. 1999 நவம்பரில் அவர்களின் காவற்கோபுரம் இதழ், அது அவரவர் மனச்சாட்சிக்குரியது என்று எழுதியதுதான். வழக்கம் மாறவில்லை. வாக்களிப்பு கட்டாயமான அவுஸ்திரேலியாவில் மதக் கடமையைச் சட்டமே காரணமாக ஏற்கிறது; விலகினவருக்கு அந்தச் சாட்டும் இல்லை.

ஒற்றைப் பட்டியலை மறுத்தது துணிவு. பல பெயர் உள்ள சீட்டையும் அதே துணிவின் பெயரால் மறுக்கச் சொல்வதை நாம் ஏற்கவில்லை. ஆனால், யாருக்குப் போடுவது எண்டு வீட்டில் ஒருநாளும் கதைத்திராத ஒருவர், நாற்பது வயதில் கட்சிகளின் பெயரிலிருந்து படிக்க வேணும். விலகினதாலேயே தாய் தகப்பன் கதைக்காமல் விட்டவர்களும் உண்டு. அவர்கள் ஆரிட்டைக் கேட்கிறது?