மூன்று தலைமுறைக் கல்லறைகள்

பீஜப்பூருக்குப் போகிறவர்கள் நேராக கோல் கும்பஸுக்குத்தான் ஓடுகிறார்கள். முதலில் ஊரின் மேற்கே இருக்கும் இப்ராஹிம் ரௌசாவைப் பார்த்துவிட்டு வந்தால், அந்தப் பெரிய குவிமாடம் ஏன் எழுந்தது என்பது ஓரளவு விளங்கும். (ஊரின் பெயர் 2014 முதல் விஜயபுரா. ஆனால் வரலாறு படித்தவர்கள் வாயில் இன்னும் பீஜப்பூர்தான்.)

இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா இசைப் பித்தர். சரஸ்வதியையும் கணபதியையும் போற்றிப் பாட்டெழுதிய சுல்தான். 1627-ல் அவர் இறந்தபின் அடக்கம் செய்யப்பட்ட ரௌசாவில், ஒரே மேடையில் கல்லறையும் மசூதியும் எதிரெதிரே நிற்கின்றன. கல்லறையின் ஜன்னல்களை உற்றுப் பார்க்கவேண்டும். வெறும் பூவேலை அல்ல, அரபு எழுத்துகளையே கல்லில் குடைந்து சல்லடையாக்கியிருக்கிறார்கள். உள்ளறையின் கூரையோ வளைவில்லாத தட்டைக் கல். பலகைக் கற்கள் ஒன்றோடொன்று கவ்வி நிற்கின்றன. நாலு நூற்றாண்டாகியும் விழவில்லை.

இந்த நுணுக்கத்தை மகன் முகம்மது ஆதில் ஷாவால் எப்படி மிஞ்ச முடியும்? அவர் அளவில் இறங்கினார். அவர் காலத்தில் பீஜப்பூர் படை தெற்கே நம்ம செஞ்சிக் கோட்டை வரை வந்து அதைப் பிடித்தது. அரசின் எல்லை மிகவும் விரிந்திருந்த காலம் அது. 1656-ல் அவர் அடக்கமான கோல் கும்பஸின் குவிமாடத்துக்கு வெளிவிட்டம் ஏறத்தாழ 44 மீட்டர். உள்ளே தூண் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் எட்டு வளைவுகள் சதுர மண்டபத்தை மேலே வட்டமாகக் குறுக்கி, பாரத்தைச் சுவர்களில் இறக்கிவிடுகின்றன.

மூலைக்கொன்றாக ஏழடுக்குக் கோபுரங்கள். அவற்றின் குறுகிய படிகளில் மூச்சு வாங்க ஏறினால் குவிமாடத்தின் உட்புறத் தாழ்வாரம். இங்கே கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கத்தில் காது வைத்தவருக்குக் கேட்கும். ஒருமுறை கைதட்டினால் பலமுறை திரும்பி வரும். காலையிலேயே போய்விடுவது நல்லது. பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டால் கூச்சல்தான் எதிரொலிக்கும்!

பேரன் இரண்டாம் அலி, தாத்தாவையும் அப்பாவையும் சேர்த்தே தோற்கடிக்க நினைத்தார் போலும். 1672-ல் அவர் இறந்தபோது அவருடைய கல்லறையான பாரா கமான் அரைகுறையாக நின்றது; கரும்பாறை வளைவுகள் மட்டும் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. அடுத்து, சிறுபிள்ளையாக அரியணை ஏறிய சிக்கந்தருக்குக் கட்டட ஆசைக்கெல்லாம் நேரம் ஏது? 1686-ல் ஔரங்கசீப்பிடம் அவர் சரணடைந்தார். வென்ற கையோடு மாலிக்-இ-மைதான் பீரங்கியின் மேல் ஔரங்கசீப் தன் வெற்றியைப் பொறித்துவைத்தார். சிங்கவாய் பிளந்த அந்தப் பீரங்கி, அகமதுநகரில் வார்க்கப்பட்டு பீஜப்பூர் வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)