உறுதி ஒருவர் பெயரில்: வில்லிஸ் நிறுவனத்தின் தேய்வும் கண்டியின் ‘ஜீப்பு’ம்

வில்லிஸ்-ஓவர்லேண்ட் என்ற அமெரிக்கக் கார் நிறுவனத்தின் தேய்வை 1953இலிருந்து எழுதத் தொடங்குவது மோட்டார்த் தொழில் வரலாற்றாளரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டில் கைசர் குழுமம் அதனை வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘ஏரோ வில்லிஸ்’ கார் 1955இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. 1963இல் நிறுவனத்தின் பெயர்ப்பலகையே ‘கைசர் ஜீப்’ என மாறியது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு சிறிய நிறுவனம் தோற்றது, பெயரும் அதோடு போனது என்பதே இந்த வாசிப்பின் சாரம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. கார் விற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெயர் அதற்கு முன்பே பயனிழந்துவிட்டது. 1942இல் அது ஜீப் வண்டியின் பின்தகட்டிலிருந்து நீங்கியது. 1948இல், அதை மீண்டும் வண்டியோடு சேர்த்துவைக்க இருந்த ஒரே வழியும் சட்டத்தால் அடைபட்டது. இதைக் காண, அந்நிறுவனம் வளர்ந்த டொலிடோவைவிடக் கண்டியே நல்ல இடம் என்று கருதுகிறேன்.

எழுச்சிக் காலத்தைத் துறையினர் அறிவர். ஜோன் நோர்த் வில்லிஸ் 1908இல் ஓவர்லேண்டைக் கைப்பற்றினார். 1912 முதல் 1918 வரை உற்பத்தியில் போர்ட் நிறுவனத்துக்கு அடுத்த இடத்தில் நின்றார். 1933இல் நிறுவனம் நொடித்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. 1935இல் அவர் காலமானார். இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். முப்பதுகள் வரை ‘வில்லிஸ்’ என்பது ஒரு மனிதரின் பெயர், அவர் விற்ற பொருளின் பெயர். வாங்குபவர் அந்தப் பெயரைச் சொல்லியே வாங்கினார். போர் வந்தபின் விற்ற பொருளுக்கு அந்தப் பெயர் இல்லை.

எல்லாச் சிக்கலும் சுற்றி நிற்கும் ஆவணம், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு வில்லிஸ் நிறுவனத்துக்கு எதிராக 1948இல் வழங்கிய தீர்ப்பு. முறைப்பாடு 1943 மே மாதத்தது. போர்க்காலத்தில் வில்லிஸ் வெளியிட்ட விளம்பரங்கள், ஜீப்பைப் படைத்தது தாங்களே என்று வாசகரை நம்பவைத்தன. அது உண்மையல்ல என்பது வழக்கு. இராணுவம் கேட்ட சிறு வண்டியை முதலில் உருவாக்கியது பென்சில்வேனியா மாநிலம் பட்லர் நகரத்து அமெரிக்கன் பாண்டம் நிறுவனம். அதற்காக கார்ல் பிராப்ஸ்ட் 1940 ஜூலையில் வரைபடம் தீட்டினார். செப்டம்பர் 23இல் முதல் வண்டி இராணுவத்தின் ஹோலபேர்ட் முகாமுக்கு ஓடிச் சேர்ந்தது. அந்த வரைபடங்களை இராணுவமே வில்லிஸுக்கும் போர்ட்டுக்கும் எடுத்துக் கொடுத்தது. 1941 ஜூலையில் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. வில்லிஸ் பொறியாளர் பார்னி ரூஸ் செப்பனிட்ட 60 குதிரைவலு எஞ்சின் அதற்கு முக்கியக் காரணம். போர் முடியும்போது வில்லிஸ் ஏறக்குறைய 3,60,000 வண்டிகளையும், அதே வடிவத்தில் போர்ட் ஏறக்குறைய 2,80,000 வண்டிகளையும் கட்டியிருந்தன. பாண்டம் கட்டியவை மூவாயிரத்துக்கும் குறைவு.

ஆணைக்குழு பாண்டத்தின் பக்கம் நின்றது. ஜீப்பை வில்லிஸ் படைத்தது அல்லது வடிவமைத்தது என்று நேராகவோ மறைமுகமாகவோ சொல்லக்கூடாது. அதன் வளர்ச்சியில் பங்களித்ததாக மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றது. என் பார்வையில் அது நியாயமான தீர்ப்பு.

முந்தைய ஆய்வாளர்கள் இத்தீர்ப்பைச் செத்த எழுத்தாகவே நடத்துகின்றனர். அவர்கள் காட்டும் காரணம் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது: 1950இல் ‘ஜீப்’ என்ற சொல் வில்லிஸின் வர்த்தகக் குறியாகப் பதிவாயிற்று. பாண்டமும் அதற்குள் நொடித்துவிட்டது. ஆகவே முதல் சுற்றில் தோற்ற வில்லிஸ் இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் வென்றது என்று முடிக்கின்றனர். இரண்டு ஆவணங்களையும் ஒரே வழக்கின் இரு கட்டங்களாக வாசிப்பதால் வரும் பிழை இது. முதலாவது, வண்டி எங்கிருந்து வந்தது என்று யார் சொல்லலாம் என்பதைப் பற்றியது. இரண்டாவது, அந்தச் சொல்லை ஒட்டி யார் விற்கலாம் என்பதைப் பற்றியது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர் ஒருவர், உறுதி எழுதப்பட்டது வேறொருவர் பெயரில் என்பது மலையகத்தில் விளக்கத் தேவையில்லாத செய்தி. உறுதி கையில் இருப்பதாலேயே ஒருவர் காடு வெட்டியவராகிவிடமாட்டார். 1950இல் வில்லிஸுக்குக் கிடைத்தது உறுதி. அதை வைத்து 1948இன் தடையை அழிக்க முடியாது, அழிக்கவும் இல்லை.

தடை எதைத் தொட்டது என்பதை இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டும். ‘வில்லிஸ்’, ‘ஜீப்’ என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்த பசை ஒரே ஒரு வாக்கியம்: இதை ஆக்கியவர் நாங்கள். அது பறிபோனபின் நிறுவனத்திடம் எஞ்சியவை தொடர்பற்ற இரண்டு சொற்கள். ஒன்றை உலகமே அறியும். மற்றது அதன் பக்கத்தில் ஏன் நிற்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. ‘பங்களித்தோம்’ என்பதை வைத்து விளம்பரம் எழுத முடியாது. அறியப்பட்ட சொல்லுக்குள் காலப்போக்கில் முழு நிறுவனமும் குடிபெயர்ந்ததில் வியப்பென்ன? 1963இல் கைசர் செய்தது 15 ஆண்டுகளுக்கு முன்பே முடிவான ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றியது மட்டுமே.

வில்லிஸ் தரப்பு எடுத்துக்காட்டும் சான்று ஒன்று உண்டு. 1941 பெப்ரவரியில் அந்நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் ரெட் ஹவுஸ்மன் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் வண்டியை ஏற்றிக் காட்டினார். இது என்ன என்று கேட்ட செய்தியாளர் கேதரின் ஹில்லியரிடம் ஜீப் என்றார். அச்சொல் நாளிதழ் வழியே நாட்டுக்குப் பரவியது. ஆனால் அவர் அதை ஹோலபேர்ட் முகாமின் படைவீரர் வாயிலிருந்து எடுத்தவர். ஆகவே இச்சான்று நிறுவனத்துக்கு எதிராகவே பேசுகிறது: சொல் படைவீட்டில் பிறந்து, நிறுவனத்துக்கு இரவலாக வந்தது. தானே சொல்லை ஆக்கியதாக நிறுவனத் தலைவர் ஜோசப் பிரேசர் கூறியதையும், போர்ட்டின் குறியெழுத்துகளான ‘ஜீ’, ‘பீ’ சேர்ந்து திரிந்தன என்ற விளக்கத்தையும் இங்கு ஆராயத் தேவையில்லை. எது சரியாயினும் வாதம் மாறாது.

இனிக் கண்டிக்கு வருவோம். தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் தில்லியிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் அலுவலகக் கொட்டில்கள் எழுந்தன. அதன் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் கண்டி நகரில் அரச மாளிகையில் தங்கினார். 1945 இறுதியில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போகும்வரை, பேராதனைக்கும் நகருக்கும் இடைப்பட்ட தெருக்களில் மக்கள் அன்றாடம் கண்ட புது வண்டி இதுதான். 1944 ஓகஸ்டில் மவுண்ட்பேட்டன் லண்டன் சென்றிருந்தபோது பொறுப்பேற்க வந்த அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல், தமக்கென வைத்திருந்த கறுப்புக் காடிலாக்கைத் தவிர்த்து ஜீப்பில் ஏறிப் போனதாகச் சொல்லப்படுகிறது. இதைப் பெரிய சான்றாக நான் கொள்ளவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை அது நன்றாகக் காட்டுகிறது. காடிலாக்கைப் பார்த்தவர் அதன் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். ஜீப்பைப் பார்த்தவர் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை.

சொல்ல வழியும் இல்லை. தொடக்ககால வண்டிகளின் பின்தகட்டில் ‘வில்லிஸ்’ என்ற எழுத்து அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தது. போர்ட்டும் தன் வண்டிகளில் அப்படியே செய்தது. அரசுச் செலவில் இலவச விளம்பரமா என்று இராணுவம் கடிந்துகொள்ள, 1942இல் இரு நிறுவனங்களும் பதிப்பதை நிறுத்தின. 1944இல் கண்டிக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இதற்குப் பிந்தியவை என்று கொள்வதில் தவறிருக்காது. இரண்டையும் பிரித்தறிய வண்டிக்கு அடியில் படுக்கவேண்டும். போர்ட் தன் ஆணிகளின் தலையில் ‘எஃப்’ என்ற சிறு எழுத்தைப் பொறித்திருந்தது; ஸ்பானரோடு நிற்கும் மெக்கானிக்குக்குத்தான் அது கண்ணில் படும். மற்றபடி ஒரே முகம், முன்புறம் ஒன்பது செங்குத்துப் பிளவுகள். அந்த அழுத்துத் தகட்டு முகமும் போர்ட் கொடுத்தது, வில்லிஸ் எடுத்துக்கொண்டது. ஸ்டியரிங் இடப்பக்கம். இடப்புறமாகவே ஓடும் நம் தெருக்களில், கடுகண்ணாவ வளைவில் இறங்கும் ஓட்டுநர் வீதியோர விளிம்பை ஒட்டியே அமர்ந்திருப்பார். இந்த வண்டியின் எல்லா அடையாளமும் இவைதாம். பிரித்தானியப் படையின் வகைப்பாடு அதை 5 அந்தர் கார் என்று சுமையின் பெயரால் அழைத்தது. தெரு ஜீப் என்று அழைத்தது.

இந்தச் சொல் மலையகத் தமிழில் என்ன ஆனது என்பதே என் இரண்டாவது சான்று. ‘ஜீப்பு’ என்று உகரம் ஏற்று அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ‘தொரை ஜீப்பு’, ‘பொலிஸ் ஜீப்பு’, ‘ஆமி ஜீப்பு’ என்று அடைமொழி தாராளமாகச் சேரும். தோட்டத்துத் துரையின் லேண்ட் ரோவரும் ஜீப்புதான். பின்னாளில் வந்த ஜப்பானிய நான்குசக்கர இயக்க வண்டியும் ஜீப்புதான். சிங்களத்திலும் இதே நிலை. ‘வில்லிஸ்’ எந்த இடத்திலும் ஒட்டவில்லை. பக்கத்திலேயே மாறான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1877 முதல் இலங்கையில் வணிகம் செய்த அமெரிக்க நிறுவனம் சிங்கர். தையல் மெசினுக்கு நம் வீடுகளில் ‘சிங்கர் மெசின்’ என்றே பெயர். அங்கே பொருளுக்குள் நிறுவனம் வாழ்கிறது, ஏனெனில் அந்தப் பெயர் மெசினின் கையிலேயே பொன்னெழுத்தில் இருந்தது. ஜீப்பில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கண்டியில் இந்தப் பிரிவு ஆணைக்குழுவின் தீர்ப்பு இல்லாமலே நடந்துவிட்டதே, பிறகு 1948க்கு என்ன முக்கியத்துவம் என்று கேட்கலாம். கனமான கேள்வி இது. என் விடை: பிரிவை உண்டாக்கியது 1942. அமெரிக்காவில் நிறுவனம் விளம்பரத்தால் அதை ஒட்டவைக்க முயன்றது, தீர்ப்பு அந்தக் கையைத் தட்டிவிட்டது. ஒட்டவைக்கும் முயற்சியே எட்டாத ஊரில் நிலைமை எப்படியிருக்கும் என்பதைக் கண்டி காட்டுகிறது. இரண்டு இடங்களும் கடைசியில் ஒரே முடிவுக்கு வந்தன என்பதே, கார்ச் சந்தைத் தோல்வியைக் காரணமாக்கும் வாசிப்பை ஐயுறப் போதுமானது. ஏரோ வில்லிஸ் தோற்றதாலேயே பெயர் அழிந்திருந்தால், அந்தக் கார் போட்டியிடாத கண்டியில் பெயர் எதனால் அழிந்தது?

போருக்குப் பிந்திய வணிகமும் பிரிவை ஆழமாக்கியது. இலங்கை ஸ்டர்லிங் வலயத்துக்குள் இருந்தது, டொலர் அரிது. 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் பிரித்தானிய வண்டி. அதை ஆக்கிய மொரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் வைத்திருந்தது போர்க்கால ஜீப். முதல் மாதிரி அதன் அடிச்சட்டத்தின்மேல் எழுந்தது. தேயிலைமலைப் பாதைகளுக்கு வில்லிஸின் குடிமக்கள் வண்டி வந்து பெயரை நிலைநாட்டுமுன், அதன் வழித்தோன்றல் பிரித்தானியப் பெயரோடு வந்து ஜீப்பு என்ற சொல்லுக்குள் புகுந்துகொண்டது.

பிரேசிலில் வில்லிஸ் பெயர் அறுபதுகளில் செழித்ததே என்பர். அங்கே நிறுவனம் தன் பெயரில் தொழிற்சாலை நடத்தி, தன் கதையைத் தானே சொன்னது. என் வாதத்துக்கு அது துணையே. தோட்டத் தமிழர் அச்சொல்லைப் படையினரிடம் கற்றனரா, பொலிசாரிடமா, சினிமாவிலா என்ற கேள்வியும் இதைத் தொடாது. எந்த வழியிலும் வில்லிஸின் விற்பனைக்கூடம் இல்லை.

இந்தப் பிரிவு பின்னாளிலும் தெரிந்தது. பம்பாயில் மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸின் உரிமத்தோடுதான் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கியது. அந்த வழியில் வந்த ‘ரொக்சர்’ வண்டியின் தோற்றம் ஜீப்பின் தோற்றத்தைத் தழுவியது என்று 2020 ஜூனில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணைக்குழு தீர்ப்பளித்து, அதன் விற்பனையைத் தடுத்தது. வழக்குத் தொடுத்தவர், அப்போது ஜீப் என்ற குறியை வைத்திருந்த பியட் கிரைஸ்லர். உரிமம் கொடுத்த வில்லிஸ் அப்போது எந்தத் தரப்பிலும் இல்லை. 2014 ஜீப் ராங்ளரின் ஒரு வகைக்கு ‘வில்லிஸ் வீலர்’ என்று பெயரிட்டிருந்தனர். 1942இல் பின்தகட்டில் பதிப்பதை நிறுத்திய அதே பெயர், பொனட்டின் பக்கவாட்டில் ஒட்டுப்படமாகத் திரும்பி வந்தது.