பழித்தவர்கள் தேடித்தந்த பெயர்

1912 மார்ச். பாரிஸில் சுயேச்சை ஓவியர்களின் ஆண்டுக் கண்காட்சி தொடங்கவிருந்தது. 24 வயது மார்செல் டுஷாம்ப் கொடுத்திருந்த ‘படியிறங்கும் நிர்வாண உருவம், எண் 2’ கியூபிச ஓவியர்களுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல அவருடைய இரண்டு அண்ணன்களையே தூது அனுப்பினார்கள். இழவு வீட்டுக்குப் போவதுபோல் கறுப்பு உடுத்தி வந்த அண்ணன்கள், தலைப்பையாவது மாற்றக்கூடாதா என்று கேட்டார்கள். தம்பி வாதாடவில்லை. டாக்சி பிடித்துப் போய்ப் படத்தைத் திரும்ப எடுத்து வந்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே முடிந்துபோன அவமானம் அது.

அதே படம் அடுத்த ஆண்டு கடல் தாண்டியது. 1913 பிப்ரவரி 17-இல் நியூயார்க்கில், படைப்பிரிவு ஒன்றின் ஆயுதக்கிடங்குக் கட்டடத்தில் ‘ஆர்மரி ஷோ’ தொடங்கியது. சுமார் 1,300 படைப்புகள். ஆனால் கூட்டம் முண்டியடித்தது இந்த ஒரு படத்தின் முன்னால். கூரைப்பலகைத் தொழிற்சாலையில் வெடி வெடித்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் நக்கலடிக்க, ஊரே அதைத் திருப்பிச் சொன்னது. படத்தில் உருவம் எங்கே என்று கண்டுபிடித்தால் 10 டாலர் பரிசு என்றது ஒரு கலை இதழ். சுரங்க ரயில் நிலையப் படிகளில் இடிபடும் கூட்டமாக அதை மாற்றி வரைந்தது ஒரு மாலைப் பத்திரிகையின் கேலிச்சித்திரம்.

முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் மார்ச் 4 அன்று வந்தார். வாஷிங்டனில் உட்ரோ வில்சன் பதவியேற்ற நாள் அது. தேர்தலில் தம்மை வென்றவரின் விழா நாளில் படம் பார்க்கப் போனவருக்கு நல்ல மனநிலை இருந்திருக்குமா, தெரியாது. தம் குளியலறையில் கிடக்கும் நவஹோ பழங்குடியினரின் விரிப்பு இதைவிட எவ்வளவோ மேல் என்று எழுதினார். திட்டுவதற்காகவே வந்தவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போனார்கள் என்பதை அமைப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்!

டுஷாம்பின் 4 படங்களும் விற்றுப்போயின. ‘படியிறங்கும்’ படத்தை சான் பிரான்சிஸ்கோ வியாபாரி ஃபிரெடரிக் டோரி 324 டாலருக்கு வாங்கினார். பாரிஸில் இருந்த டுஷாம்போ ஏறக்குறைய ஓவியம் வரைவதையே விட்டு விலகிக்கொண்டிருந்தார்.

1915-இல் அவர் நியூயார்க்கில் இறங்கியபோது நிருபர்கள் தேடிவந்து பேட்டி எடுத்தார்கள். சொந்த நாட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஆள், அங்கே பெயர் சொன்னாலே தெரிந்தவர். கூச்சலின் கணக்கை அவர் அப்போதுதான் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் 1917-இல் ஒரு கண்காட்சிக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், பீங்கான் சிறுநீர்க்கோப்பை ஒன்றை. அந்தக் கூத்து அடுத்த வாரம்.