பணிச்சோர்வு எங்கே உற்பத்தியாகிறது? அகமதாபாத் தறிக்கூடமும் அமெரிக்கத் துணிக்கடையும்

2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஊழியர் நலனுக்கெனப் பணத்தை அள்ளி இறைக்கும் மனிதவளத் துறைகளைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை அவர் அலசினார். மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, நன்றாகத் தூங்க உதவும் செயலி முதலியவற்றில் பங்கெடுத்தவர்களின் மனநலம், பங்கெடுக்காதவர்களுடையதைவிட மேம்பட்டதாக இல்லை. தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டுமே சற்று விலக்கு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஏற்கெனவே மனம் நொந்தவர்கள்தானே இத்தகைய வகுப்புகளைத் தேடிப் போவார்கள்? ஒரே வேளையில் எடுத்த கணக்கு இதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் அமெரிக்காவில் 160 பணியிடங்களில், எவற்றில் திட்டம் நடக்கும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து ஆராய்ந்த சாங், பெய்க்கர் இருவரின் 2019 ஆய்வும் ஏமாற்றத்தையே தந்தது. அங்கே உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடினார்கள். இரத்த அழுத்தமோ விடுப்புக் கணக்கோ குறிப்பிடும்படி மாறவில்லை.

இந்த ஏமாற்றம் எதிர்பார்த்திருக்க வேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம். சோர்வை ஊழியரின் உடலுக்குள் தேடுகிறோம். அது பெரும்பாலும் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலுள்ள இணைப்பில் உண்டாகிறது. அமைப்புச் சிந்தனை என்று இன்று மேலாண்மை வகுப்புகளில் படம் போட்டு விளக்கப்படும் இந்தப் பார்வைக்கு வயது எழுபதுக்கு மேல். அதன் ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று நடந்தது இந்தியாவில் என்பதை நம் மேலாண்மைக் கல்லூரிகள் அதிகம் சொல்வதில்லை.

தொடக்கம் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்ட்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளி கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் எழுதிய கட்டுரை, இயந்திரம் வந்த பிறகு சுரங்கத்தில் வேலை எப்படிச் சிதறியது என்று காட்டியது. முன்பு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெட்டுவது முதல் ஏற்றுவது வரை முழு வேலையையும் பார்த்தார்கள். புதிய முறையில் மூன்று ஷிப்டுகள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு துண்டு வேலை. முதல் ஷிப்டின் குறை மூன்றாவது ஷிப்டின் தலையில் விழும்; பழியும் அப்படியே கைமாறும். இயந்திரம் நல்லதுதான். அதைச் சுற்றி மனிதர்களை நிறுத்திய விதத்தில்தான் கோளாறு.

இந்த அனுபவத்தோடு அகமதாபாத் வந்தார் அதே நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் இறங்கியிருந்தன. உற்பத்தியோ எதிர்பார்த்தபடி இல்லை. ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 விதமான வேலைகள். நெசவாளர், ஊடை நூல் நிரப்புபவர், அறுந்த பாவு நூலைச் சரிசெய்பவர், தறியைப் பழுதுபார்க்கும் ஜாபர், எண்ணெய் போடுபவர், பெருக்குபவர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவருக்கும் வகுத்த தறிகளின் எண்ணிக்கை வேறு. நெசவாளர் சுமார் முப்பது பார்ப்பார், ஜாபர் 112 பார்ப்பார். அதனால் ஒரு நெசவாளருக்கு இன்னார்தான் துணை என்ற உறுதி கிடையாது. நூல் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது, யார் முதலில் வருவார் என்பதெல்லாம் அன்றன்றைய அதிர்ஷ்டம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் திறமைசாலிகள்.

ரைஸ் முன்வைத்த யோசனை எளிமையானது: குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு குழு, அதற்கு உள்ளிருந்தே ஒரு தலைவர். 1953-இல் இது பேச்சுக்கு வந்ததும் தொழிலாளர்களே அதைப் பிடித்துக்கொண்டு, ஏழு ஏழு பேராகத் தாங்களே பிரிந்து திட்டம் கொண்டுவந்தார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் தறிகளின் செயல்திறன் சராசரி 80 விழுக்காட்டிலிருந்து 95-ஆக உயர்ந்தது. துணிச் சேதம் 32 விழுக்காட்டிலிருந்து 20-ஆக இறங்கியது. யாருக்கும் ஊக்கவுரை நிகழ்த்தப்படவில்லை.

கதை இத்துடன் முடிந்தால் விளம்பரத்துக்கு உதவும். 1970-இல் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரு கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து போயிருந்தது. நல்ல அமைப்பும் தானாக நிற்பதில்லை. வெளி நெருக்கடி குழுவுக்குள் அப்படியே பாயாமல் எல்லையில் தடுத்து, சரக்கும் ஆளும் தகவலும் வேளைக்கு வரச் செய்பவர் ஒருவர் வேண்டும். அமைப்புச் சிந்தனையில் தலைமை என்பதற்குப் பொருள் இதுவே. எல்லையை விட்டுவிட்டு உள்ளே புகுந்து விரட்டும் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் குழுவைக் குலைக்கிறார்.

வெளி நெருக்கடி எப்படிப் பாய்கிறது என்பதை இன்னும் துல்லியமாகக் காட்டியது அமெரிக்காவின் கேப் துணிக்கடைகளில் நடந்த ஆய்வு. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளின் 28 கடைகளை எடுத்துக்கொண்டார்கள். கடை ஊழியர்களின் வேலைநேரம் கடைசி நிமிடத்தில் மாறுவதற்கு வாடிக்கையாளர் கூட்டம் ஏறி இறங்குவதே காரணம் என்பது வழக்கமான விளக்கம். ஆய்வில் பிடிபட்டது வேறு. சரக்கு வரும் நாளும் அளவும் மாறின. தள்ளுபடி விற்பனைத் திட்டங்கள் திடீரெனத் திருத்தப்பட்டன. மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று ஆட்கள் அவசரமாக அழைக்கப்பட்டார்கள். அதாவது, ஊழியரின் தூக்கத்தைக் கெடுத்த ஆணைகளில் பலவும் தலைமையகத்தில் பிறந்தவை! வேலைநேரத்தை நிலைப்படுத்திய கடைகளில் விற்பனை 7 விழுக்காடு கூடியது. ஊழியர்களின் தூக்கமும் மேம்பட்டது.

இந்த வாதத்தை அளவுமீறி இழுக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவருக்கும் மனநோயுடன் போராடுபவருக்கும் தனிப்பட்ட சிகிச்சைதான் தேவை. பணிப்பட்டியல் திருத்தம் அதற்கு ஈடாகாது. குழுவும் எப்போதும் புகலிடமல்ல. சக ஊழியரின் கண்காணிப்பு மேற்பார்வையாளரின் அதட்டலைவிடக் கொடுமையாக மாறலாம். ‘அமைப்புதான் காரணம்’ என்ற சொல், முடிவெடுத்தவர் ஒளிந்துகொள்ளும் திரையாகவும் ஆகிவிடக்கூடும். அமைப்பை வரைந்தவருக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு.

எனினும் வரிசை முக்கியம்: முதலில் அமைப்பு, பிறகு தனிமனிதர். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல் வேலைச்சூழலை மாற்றும் நடவடிக்கைகளையும் மேலாளர் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நம் ஊரிலும் ஒரு சான்று இருக்கிறது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்களின் கால்வலிக்கு யோகா வகுப்பு மருந்தாகாது. 2018-இல் கேரளமும், 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தித் தமிழ்நாடும் அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கின. நாற்காலி போட்ட பிறகும் உட்காரத் தயங்கும் ஊழியர் ஒரு கடையில் இருந்தால், விசாரிக்க வேண்டியது அந்தக் கடையின் மேலாளரை.