சுமத்ராவின் ரப்பர்க் காடுகள்: சிறுவிவசாயிகளின் நூற்றாண்டு மரபு

ரப்பர் சாகுபடியின் வரலாறு பெரும்பாலும் பெருந்தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால், இன்று உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியைத் தருவோர் சிறுவிவசாயிகளே. ரப்பரைக் காட்டோடு சேர்த்து வளர்க்கும் வேளாண்காட்டு முறையை அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கைக்கொண்டிருந்தனர் என்பதைச் சுமத்ராவின் ஜாம்பிப் பகுதியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விதை வந்த வழி

1876இல் ஹென்றி விக்காம் அமேசானின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்கு வந்தது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அங்கே ஹென்றி ரிட்லி, மரம் கெடாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தொடர்ந்து மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டு, தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களின் உழைப்பில் ஒற்றைப்பயிர்த் தோட்டங்கள் எழுந்தன.

நெல்லோடு ரப்பர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் ஜாம்பி உழவர்களிடம் வந்தபோது வேறு வடிவம் கொண்டது. காடு திருத்தி மலைநெல் விதைத்துவந்த அவர்கள், நெல்லுக்கிடையே ரப்பர்க் கன்றை ஊன்றினர். ஓரிரு போகம் அறுத்தபின் நிலத்தைக் காடாக வளர விட்டனர். ரப்பரோடு துரியானும் பிரம்பும் வளர்ந்தன. எட்டு முதல் பத்து ஆண்டுகளில் பால்வெட்டு தொடங்கியது.

1922இல் பிரிட்டன் கொண்டுவந்த ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டச்சு அரசு அதில் சேரவில்லை. விலை ஏறவே, சுமத்ரா, கலிமந்தான் உழவர்கள் விரைந்து நட்டனர். விலை சரிந்தால் பால்வெட்டை நிறுத்திவிட்டு நெல்லையும் பழங்களையும் நம்பி வாழ அவர்களால் முடிந்தது.

தோட்டம் முதிர்ந்தபோது முழுவதையும் வெட்டி எரிப்பது ஒரு வழி. ‘சிசிபான்’ என்பது மற்றொன்று: மரம் பட்டுப்போய் வெளிச்சம் விழும் இடத்தில் புதிய கன்றை நட்டு, காட்டுப்பன்றி தோண்டாதபடி வேலியிட்டு வளர்ப்பார்கள். நிலம் ஒருநாளும் வெறுமையாவதில்லை, வருமானமும் அறுபடுவதில்லை.

குறை எங்கே?

இத்தோட்டங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 500 கிலோ உலர் ரப்பரே தருகின்றன. நன்கு பேணப்பட்ட ஒட்டுரகத் தோட்டம் 1,500 கிலோ வரை தரும். இந்த இடைவெளிக்குக் காட்டையே காரணம் காட்டினர். 1990களில் உலக வேளாண்காட்டு மையமும் பிரான்சின் சிராட் நிறுவனமும் இந்தோனேசிய ஆய்வாளர்களோடு நடத்திய வயல் சோதனைகள் முதன்மைக் காரணத்தை வேறிடத்தில் காட்டின. ஒட்டுக்கன்றுகளை வரிசையாக நட்டு, வரிசையோரம் மட்டும் களையெடுத்து, நடுவே இளங்காட்டை வளர விட்டனர். கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன. களையெடுக்கும் வேலையும் குறைந்தது. தேர்ந்தெடுக்கப்படாத பழைய விதையே பெருங்குறை.

முடிவுரை

2011க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. ஏற்கெனவே பரவிவந்த எண்ணெய்ப்பனை ரப்பர்க் காடுகளை மேலும் விழுங்கியது. எனினும், ஜாம்பியின் லுபுக் பெரிங்கின் 2009இல் இந்தோனேசியாவின் முதல் ஊர்க்காட்டு உரிமையைப் பெற்றது. அந்த ஊரார் இன்றும் ரப்பர்க் காட்டை நம்பி வாழ்பவர்கள். மறுநடவுக்கு உதவும் அரசுகள் நிலத்தை மொட்டையடிக்கும் நிபந்தனையைக் கைவிட்டு, காட்டைக் காக்கும் உழவருக்கே நல்ல ஒட்டுக்கன்றை முதலில் தர வேண்டும்.