கண்ணை நம்பிய வான்வெளி

எதிரே வரும் விமானத்தைக் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வது விமானியின் பொறுப்பு. தெளிந்த வானிலையில் பறப்பவர்களுக்கு நெடுங்காலம் இருந்த அடிப்படை விதி இதுதான். 1956-ல் கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தபோது அதன் பலவீனம் அமெரிக்காவுக்கு உறைத்தது. 1970 முதல் நெரிசல் மிகுந்த சில விமான நிலையங்களைச் சுற்றி, கவிழ்த்துப் பிடித்த கோபுரம்போல மேலே போகப் போக அகலும் வான்வெளி வரையறுக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையின் அனுமதியின்றி அதற்குள் யாரும் நுழையக் கூடாது.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அந்த ஏற்பாடு 1980-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு பெருவிபத்து நடக்க வேண்டியிருந்தது. 1978 செப்டம்பர் 25 காலை, தரையிறங்க வந்த பி.எஸ்.ஏ. 182 என்ற போயிங் 727 பயணிகள் விமானத்துக்கு முன்னால், தரையிறங்கும் பயிற்சியை முடித்து மேலேறிய செஸ்னா 172 போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர்கள் அதைப் பற்றிச் சொன்னார்கள். போயிங் விமானிகளும் பார்த்துவிட்டதாகப் பதில் தந்தார்கள். பிறகு அது பார்வையிலிருந்து தப்பியது. கடந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். செஸ்னாவோ அவர்களுக்கு முன்னே, சற்றுக் கீழே, வீடுகளின் பின்னணியில் கரைந்திருந்தது. மோதலுக்கு 19 விநாடி முன்பு ரேடார் மையத்தில் எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் யாரும் குறுக்கிடவில்லை. நார்த் பார்க் குடியிருப்பில் இருந்த 7 பேர் உட்பட 144 பேர் இறந்தனர்.

இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமாகாது. நேராக மோதும் தடத்தில் வரும் விமானம் முன்கண்ணாடியில் நகர்வதே இல்லை. ஒரே இடத்தில் சிறு புள்ளியாக நின்று, கடைசிச் சில விநாடிகளில்தான் பெரிதாகத் தெரியும். நகர்வதைச் சட்டென்று பிடிக்கும் கண், நகராததைத் தவறவிடுகிறது.

1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில் நிலைமை வேறு. அங்கே வரையறுத்த வான்வெளி இருந்தது. டாரன்ஸிலிருந்து கிளம்பிய பைப்பர் ஆர்ச்சர் ஒன்று அனுமதியின்றி அதற்குள் புகுந்துவிட்டது. ரேடாரின் வினாவுக்குப் பதில் அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர் கருவி உயரத்தைத் தெரிவிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. அதே நேரத்தில் அத்துமீறி நுழைந்த இன்னொரு சிறு விமானத்தோடு பேசிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் பைப்பரைக் கவனிக்கவில்லை. ஏரோமெக்சிகோவின் டிசி-9 அதோடு மோதியதில், தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 உயிர்கள் போயின.

இதன் பிறகுதான் சட்டம் இரு பக்கமும் கை வைத்தது. 30-க்கு மேற்பட்ட இருக்கை கொண்ட பயணிகள் விமானங்கள் 1993 இறுதிக்குள் டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவியைப் பொருத்த வேண்டும் என்றானது. அக்கருவி அருகிலுள்ள டிரான்ஸ்பாண்டர்களை வினவி, நெருங்க எத்தனை விநாடி ஆகும் என்று கணித்து, "ஏறு" அல்லது "இறங்கு" என விமானிக்குக் கட்டளையிடும். ஆனால் எதிர் விமானம் தன் உயரத்தைச் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை பிறக்காது. ஆகவே பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் தொலைவுக்குள் பறக்கும் சிறு விமானங்களுக்கும், சில விலக்குகள் போக, உயரம் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. டிகாஸைவிட இந்த எளிய விதியே முக்கியமானது; இது இல்லாமல் அந்த விலையுயர்ந்த கருவி பாதிக் குருடாகவே இருந்திருக்கும்.

2020 ஜனவரி 1 முதல் இதே வான்வெளியில், ஜிபிஎஸ் கணித்த தன் இருப்பிடத்தை விநாடிதோறும் ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியும் கட்டாயம். மற்றவர்களின் ஒலிபரப்பைப் பெற்றுத் திரையில் காட்டும் கருவியை வைத்துக்கொள்வது மட்டும் சிறு விமான உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.