கீழாநெல்லியை நம்பிய கல்லீரல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பது பழைய வழக்கம். பலர் தேறினார்கள்; ஆனால் அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிவது. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. சிலர் உடம்பில் சத்தமின்றிப் பல்லாண்டு தங்கிக் கல்லீரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். 1988இல் 'லான்செட்' இதழில் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லிக்குச் சாதகமாக எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார்கள்தான், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் கூட்டு. ஆனால் பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. மூலிகையைப் பழிப்பதற்கில்லை, பசியின்மை, உடல் மெலிவு, வலது விலாவுக்குக் கீழே வலி, வயிற்று வீக்கம் கண்ட பிறகும் மோரையே நம்புவதுதான் வினை. அதற்குள் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம், தவறவிடாதீர்கள்.